என் ஷூ சுற்றிப் பார்த்த கென்ட்

பெல்ஜியத்தில் கென்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே தனியாகப் போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "அங்க நம்மாளுக யாரு இருக்காங்க?" யாருமே இல்லை என்றேன். அதனால்தான் அந்த ஊரைப் பிடித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில். பத்தாம் வகுப்பு வரை திருப்பூரில் படித்துவிட்டு இங்கே வந்தவள் நான். வந்த பிறகு தனியாகப் போன தூரம் என்றால் வேலைக்காக நியூயார்க் போய்வரும் ரயில்தான். அதிலும் இரண்டு முறை தூங்கிப்போய், பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்க வேண்டியவள் ட்ரென்டனில் இறங்கி, அப்பாவுக்குப் போன் போட்டு, அவர் கட்டின லுங்கியோடு காரை எடுத்து வந்து என்னை மீட்டிருக்கிறார். "தெனம் போற ட்ரெயின்லயே எறங்கத் தெரியல. இவ யூரோப்புக்குத் தனியாப் போறாளாமா" என்று அம்மா அடுப்பில் இருந்த ரசத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு வாரம் இழுபறி. கடைசியில் ஒப்பந்தம் ஆனது. எட்டு நாள் பயணத்தில் முதல் நாள் பரீட்சை நாள். சனிக்கிழமை காலையில் போய் இறங்கி, மாலை ஆறு மணி வரை ஒரு சொதப்பலும் இல்லாமல் தாக்குப்பிடித்தால் மீதி ஏழு நாளும் என் இஷ்டம். சொதப்பினால் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறி, ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் பெரியப்பா மகள் கவிதா அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். அக்கா இட்லி சுட்டுப் போடுவாள், மாமா காரில் வைத்து நான்கு இடம் காட்டுவார், நான் பின்சீட்டில் குழந்தைகளின் இரண்டு கார்சீட்டுக்கு நடுவே உட்கார்ந்து ஐரோப்பாவைப் பார்ப்பேன். அந்த ரயில் டிக்கெட்டை அப்பா முன்கூட்டியே எடுத்து என் மெயிலுக்கு அனுப்பியும் விட்டார்.

போன் லொகேஷனைத் தரவே மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றதால் இன்னொரு சமரசமும் நடந்தது. அப்பா ஒரு டிராக்கர் வில்லை வாங்கி வந்தார். கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். அது எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் போன் மேப்பில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும்.

"இதைப் பையில போட்டுக்கறேங்கப்பா."

"பை தொலையும். போனு சார்ஜ் போகும். ஷூ காலை விட்டு எங்க கண்ணு போகப்போவுது?"

டைனிங் டேபிளில் பேப்பரை விரித்து, என் புது ஷூவின் இடது காலில் உள் அட்டையைத் தூக்கி, காய் வெட்டும் கத்தியால் குழி பறித்து, வில்லையை அதில் பதித்து ஒட்டினார். அப்பா ஐ.டி.க்கு வருவதற்கு முன்பு பல்லடத்தில் ஸ்பின்னிங் மில் எஞ்சினியர். வேலை அவ்வளவு சுத்தம். பச்சைப் புள்ளி அவர் போனிலும் தெரியும், என் போனிலும் தெரியும்.

கென்ட்டில் நான் டிராமை விட்டு இறங்கியபோது காலை ஒன்பது. என் அறை இருந்தது ஊர் நடுவில் நிற்கும் பழைய கோட்டைக்குப் பின்னால், ஒரு சந்தில். எங்கள் வீட்டு டிரைவ்வேயில் பாதி அகலம்கூட இல்லாத சந்து. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று தோள் இடிக்கும் வீடுகள். கதவைத் திறந்தால் நேராகத் தெரு. நடுவே திண்ணையோ லானோ எதுவும் கிடையாது, ஒரே ஒரு கருங்கல் படி. எங்கள் பக்கத்தில் பால் வாங்கவே காரை எடுக்க வேண்டும். இங்கே எதிர்வீட்டுக்காரர் தும்மினால் நான் 'நூறு' சொல்லலாம் போலிருந்தது. வந்து நின்ற அந்த நிமிடமே ஊர் பிடித்துப்போயிற்று.

கதவைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று மரத்தரை. கை தானாக ஷூ லேஸுக்குப் போனது. எங்கள் பக்கத்து ஊர் மான்மவுத் ஜங்ஷனில் யார் வீட்டு பாட்லக் விருந்துக்குப் போனாலும் வாசலில் நாற்பது ஜோடி கிடக்கும். நாற்பத்தொன்றாவது ஜோடிக்கு இடம் தேடியே வளர்ந்தவள் நான். வெளிப்படியிலேயே கழற்றினேன். கோணல்மாணலாகக் கிடந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. எனவே ஜோடி சேர்த்து, லேஸை உள்ளே செருகி, அழகாக வைத்துவிட்டு உள்ளே போனேன். குளித்தேன். ஐந்து நிமிடம் என்று படுத்தேன்.

பத்தரைக்கு எழுந்து கதவைத் திறந்தால் படி காலி.

எதிர்வீட்டு வாசலில் ஒரு பெரியவர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என் ஷூவைப் பார்த்தீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"பார்த்தேனே! ஒரு அம்மா எடுத்துட்டுப் போனாங்க. போட்டுப் பார்த்தாங்க, சரியா இருந்துச்சு. ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு."

"எடுத்துட்டுப் போனாங்களா? அது என்னோடது!"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "அப்புறம் ஏன் வாசல்ல வெச்சீங்க? எங்களுக்கு வேண்டாததை வாசல்ல வெச்சா வேணுங்கறவங்க எடுத்துக்குவாங்க. போன வாரம் நான் ஒரு குக்கரை வெச்சேன், பத்து நிமிஷத்துல போச்சு. நீங்க வேற அவ்வளவு அழகா ஜோடியா அடுக்கி வெச்சிருந்தீங்க."

ஆக, எதையும் ஒழுங்காக வைக்க வேண்டும் என்று இருபத்து நான்கு வருடமாக அம்மா கொடுத்த பயிற்சி ஒருவழியாகப் பலன் தந்துவிட்டது.

போனைப் பார்த்தேன். பச்சைப் புள்ளி ஆற்றங்கரை ஓரமாக நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. நியூஜெர்சியில் இப்போது அதிகாலை நாலரை. அப்பா ஐந்தரைக்கு எழுந்து, பல் தேய்க்கும் முன் போனைப் பார்ப்பார். என்னிடம் சரியாக ஒரு மணி நேரம் இருந்தது. காலில் போட என்ன இருக்கிறது என்று பெட்டியைக் கிளறினேன். நீல வார் வைத்த பாத்ரூம் செருப்பு. நம்மவர்கள் பெட்டியில் பாஸ்போர்ட் இல்லாமல் போகலாம், பாத்ரூம் செருப்பு இல்லாமல் போகாது.

கென்ட்டின் தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது. அதில் ஹவாய் செருப்போடு ஓடிப் பார்க்காதவர்களுக்கு அந்த ஊரின் பழமை முழுதாகப் புரியாது. ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் தனித்தனியாக வந்து தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. பட், பட், பட் என்று நான் வந்த சத்தத்தில் காபிக் கடை வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் கோப்பையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். சைக்கிளில் வந்த ஒரு பெண்மணி மணியடித்து, பிளெமிஷ் மொழியில் ஏதோ திட்டிவிட்டு, என் காலைப் பார்த்ததும் பாவம் என்று சிரித்துக்கொண்டே போனார்.

புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. குறுக்கே புகுந்து மடக்கிவிடலாம் என்று வந்த டிராமில் ஏறினேன். நாலு ஸ்டாப் போன பிறகுதான், புள்ளி பக்கத்தில் வராமல் தூரம் போகிறதே என்று உறைத்தது. பக்கத்து சீட்டு அம்மாவிடம் கோட்டை எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"கோட்டையா? அது உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு. இந்த டிராம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகுது. ஊரை விட்டே கிளம்பறீங்களோன்னு நினைச்சேன்."

இறங்கி எதிர்ப்பக்கம் நின்றேன். பதற்றத்தில் பசி எடுத்தது. ஸ்டாப்புக்குப் பக்கத்திலேயே ஒரு வறுவல் கடை. காகிதக் கூம்பில் சுடச்சுட உருளைக்கிழங்கு வறுவல், மேலே ஒரு கரண்டி மயோனைஸ். நம் ஊரில் கெட்சப் கொட்டிச் சாப்பிடுவதை இனி நான் மதிக்கப்போவதில்லை. வெளியே மொறுமொறு, உள்ளே பிசைந்த கிழங்கு. இரண்டு முறை பொரிப்பார்களாம். மூன்றாவது துண்டு வாயில் இருக்கும்போது போன் அடித்தது. அப்பா.

"கண்ணு, எந்திரிச்சதும் உன்னயத்தான் பாத்தேன். கோட்டை வாசல்ல நிக்கறயாட்ட இருக்குது?"

நான் வாயில் கிழங்கோடு, "ம்ம்" என்றேன்.

"பத்து நிமிசமா அங்கயேதான் நிக்கறே. அப்படித்தான் பாக்கோணும். பரபரன்னு ஓடிட்டே இருக்கக்கூடாது. ஏங்கண்ணு, ஒண்ணு தெரியுமா? இப்பத்தான் படிச்சேன். அந்தக் கோட்டைக்குள்ள எரநூறு வருசத்துக்கு முந்தி நூல் மில்லு ஓட்டியிருக்கறாங்க! ராஜா கட்டின கோட்டைல நூல் மில்லு!"

"அப்படீங்களாப்பா!"

"உள்ள போனீன்னா மேல கூரையப் பாரு. மிசின ஓட்டற ஷாஃப்ட் மாட்டின கொக்கி அடையாளம் ஏதாச்சும் இருக்கும். போட்டோ எடுத்து அனுப்பு."

பின்னாலிருந்து அம்மா குரல், "சாப்ட்டாளான்னு கேளுங்க மொதல்ல."

அதற்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். போனை வைத்ததும் மனசு என்னவோ செய்தது. அப்பா சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் குஷியாக இருந்தார். என் ஷூவைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். புள்ளி அதற்குள் ஆற்றங்கரைக்குப் போயிருந்தது. ஆற்றங்கரைக்குப் போனேன். தேத்தண்ணி நிறத்தில் ஆறு, அதன் இரு கரையிலும் பொம்மைக் கொலுப்படி மாதிரி முகப்பு வைத்த வீடுகள், படகில் போகிறவர்கள் எல்லோரும் ஒரே சமயம் தலையைத் திருப்புகிறார்கள். நின்று பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் புள்ளி பாலத்துக்குப் போய்விட்டது. பாலத்துக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று கோபுரம், வரிசையில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. புள்ளி முதல் கோபுரமான சர்ச்சின் அடியில்.

அப்போதுதான் மண்டையில் பல்பு எரிந்தது. கோட்டை, ஆறு, பாலம், சர்ச். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம். ஊர்க்காரர் யாரும் சனிக்கிழமை காலையில் இப்படிப் போக மாட்டார். என் ஷூ டூர் போய்க்கொண்டிருக்கிறது! அப்படியென்றால் அடுத்தது நடுக் கோபுரம், உச்சியில் டிராகன் பொம்மை நிற்கும் மணிக்கூண்டு. துரத்துவதை விட்டேன். கோபுரத்துக்கு முன்னாலேயே போய், படியில் உட்கார்ந்து, மிச்ச வறுவலைத் தின்றபடி காத்திருந்தேன்.

ஏழு நிமிடத்தில் மஞ்சள் குடை ஒன்று வந்தது. பின்னால் பதினைந்து பேர். குடையைப் பிடித்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், நெடுநெடுவென்று உயரம், நரைத்த குட்டை முடி. காலில் சாம்பல் நிற ஷூ, ஆரஞ்சு லேஸ். என்னுடையது.

நேரே போய்க் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"இந்த மணிக்கூண்டைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி, இந்த ஊரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இன்னிக்குக் காலையில வர்ற வழியில என் ஷூ அடி பிளந்துபோச்சு. கையில டூர், காலுல ஒண்ணுமில்ல. அழுகையே வந்துடுச்சு. திரும்பினா, ஒரு வாசல்ல இந்த ஜோடி! புதுசு! என் சைஸ்! யாரோ முகம் தெரியாத ஒருத்தர் எனக்காகவே வெச்ச மாதிரி. இதுதாங்க கென்ட்."

கூட்டம் கைதட்டியது. நானும் கைதட்டினேன். வேறென்ன செய்வது?

அப்படியே கூட்டத்தில் கலந்துவிட்டேன். பக்கத்தில் இரண்டு ஆங்கிலேயப் பாட்டிமார். "கடற்கரை எந்தப் பக்கம்னு அந்தப் பொண்ணுகிட்ட யாராவது சொல்லுங்களேன்" என்று ஒருவர் என் செருப்பைப் பார்த்து மற்றவரிடம் சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது.

டூர் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவரிடம் போனேன். பெயர் கிரீட். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்து, காது சிவந்து, கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அய்யோ, வேண்டாம்! நீங்க எதைப் போட்டுக்குவீங்க?"

"என் பழசைக் குப்பையில போட்டுட்டேன். பரவாயில்ல, வெறுங்காலோட போறேன். ரெண்டு மணிக்கு இன்னொரு டூர் இருக்கு, வெறுங்காலோடவே நடத்தறேன். எனக்கு நல்லா வேணும்!"

"சாயங்காலம் வரைக்கும் போட்டுக்கங்க. நானும் உங்ககூடவே வர்றேன்" என்றேன். ஷூ போகும் இடத்தில் நானும் இருந்தால் அப்பாவிடம் சொன்னது பொய்யாகாது என்று ஒரு கணக்கு. கிரீட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு தள்ளுவண்டிக்கு அழைத்துப்போய், ஊதா நிறத்தில் மூக்கு மாதிரி கூராக இருக்கும் ஒரு மிட்டாய் வாங்கித் தந்தார். கடித்தால் வெளித்தோடு உடைந்து உள்ளிருந்து பாகு வழிகிறது. நன்னாரி சர்பத்தைக் கெட்டியாக்கி மூக்கு செய்த மாதிரி. ஆறு தின்றேன்.

இரண்டு மணிக்குப் புதுக்கூட்டம். நான் மட்டும் பழையவள். இந்த முறை கோட்டைக்கு உள்ளேயே போனோம். கோட்டைக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தில் கிரீட் விளக்குக் கம்பங்களைக் காட்டினார். ஊரில் ஒரு குழந்தை பிறந்தால், பிரசவ வார்டில் ஒரு பொத்தானை அழுத்துவார்களாம், இங்கே விளக்கு மினுங்கும். நாங்கள் அத்தனை பேரும் கழுத்தை உயர்த்தி நின்றோம். யாரும் பிறக்கவில்லை. பிறகு சுழல்படி. ஹவாய் செருப்போடு தேய்ந்த கல்லில் ஏறுவது தனிக்கலை. கயிற்றைப் பிடித்து மேலே போய்ச் சேர்ந்தால் ஊர் முழுக்க ஓடும் கூரையும், அந்த மூன்று கோபுரமும், காற்றும். வாய்விட்டுச் சிரித்தேன், காரணமே இல்லாமல்.

போன் அடித்தது.

"கண்ணு..." அப்பா குரல் காலையில் இருந்த மாதிரி இல்லை. "காலைல போன எடத்துக்கே மறுபடி வந்து நிக்கறே. அதே கோட்டை. வழி தவறிடுச்சா?"

"இல்லீங்கப்பா..." பிடித்திருந்தது, அதனால் மறுபடி வந்தேன் என்று வாய் வரை வந்துவிட்டது. மணி மூன்றரை. இன்னும் இரண்டரை மணி நேரம் தள்ளினால் போதும், ஏழு நாள் என்னுடையது.

"வழி தெரியலன்னா சொல்லிரு சாமி. திட்ட மாட்டேன். மொத நாளுதான."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஒரே மூச்சில் கொட்டினேன். படியில் கழற்றியது, தூங்கியது, டிராம், வறுவல், மஞ்சள் குடை, எல்லாம். "காலைல நீங்க பாத்தது நானில்லீங்கப்பா. என் ஷூ. நான் அதுக்குப் பின்னாடி ஓடிட்டிருந்தேன்."

மறுமுனையில் அம்மா போனை வாங்கினாள். "வாசல்ல கழட்டி விட்டியா? வெளிநாட்டுல போயி? கால்ல எதும் குத்தலயே?" மறுபடி அப்பா.

"நாலு மணி நேரமா ஒரு ஷூவப் பாத்து எம்பொண்ணு எம்பொண்ணுன்னு பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட வரைக்கும் காட்டியிருக்கறேன்."

"சாரிங்கப்பா."

"ட்ரென்டன்ல எறங்குனா ஒடனே எனக்குப் போன் பண்ணுவே. இன்னிக்கு ஏன் பண்ணல?"

"பண்ணியிருந்தா நீங்க என்னங்கப்பா பண்ணியிருப்பீங்க?"

யோசித்தார். "நானென்ன பண்ணியிருப்பேன். இங்க உக்காந்துட்டு உங்கம்மாவப் பயப்படுத்தியிருப்பேன்." பிறகு, "அந்தம்மா பக்கத்துல இருக்கறாங்களா? போனைக் குடு" என்றார்.

கிரீட்டிடம் என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்துகொண்டே கொடுத்தேன். கூட்டத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் கோட்டை மதிலில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கிரீட் "ஆமாம்" என்றார், "இல்லை" என்றார், மேலும் கீழும் கையாட்டி எதையோ விளக்கினார், பிறகு பத்து நிமிடம் கேட்டுக்கொண்டே நின்றார். போனைத் திருப்பித் தரும்போது கண் விரிந்திருந்தது. "ஷூவைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல. மில்லைப் பத்தியே கேட்டாரு. நான் இருபது வருஷமா இந்தக் கோட்டையைக் காட்டறேன், பஞ்சு எப்படி நூலாகுதுன்னு இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது."

"அந்தக் கொக்கியெல்லாம் இல்லியாமா கண்ணு" என்றார் அப்பா. "கோட்டையப் பழையபடி கட்டறோம்னு மில்லு அடையாளத்தையெல்லாம் எடுத்துப்போட்டாங்களாமா. எத்தன பேரு வேல செஞ்சிருப்பாங்க. ஒரு மூலையில கொஞ்சம் விட்டு வெச்சிருக்கலாம்." "செரி. அந்த ஃபிராங்க்ஃபர்ட் டிக்கெட்ட நான் கேன்சல் பண்ணிடறேன். கவிதாகிட்டயும் சொல்லிடறேன்."

நான் கத்திய கத்தலில் மதிலில் இருந்த புறாக்கள் எழும்பிவிட்டன.

"இரு, இரு. அந்த வில்லைய வெளிய எடு."

கிரீட் கல் மேடையில் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றினார். உள் அட்டையைத் தூக்கிக் காட்டியதும், "இதன் மேலயா நான் நாள் முழுக்க நடந்தேன்!" என்று மறுபடி சிவந்தார். கழற்றித் தந்துவிடுகிறேன் என்று அவர் மீண்டும் ஆரம்பிக்க, நாளைக் காலையில் கொண்டுவந்தால் போதும், ஆனால் படியில் வைக்கக்கூடாது, மணியடித்துக் கையில் தர வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். அவர் ஷூவை மாட்டிக்கொண்டு, குடையைத் தூக்கி, கூட்டத்தோடு கீழே இறங்கினார். நான் மதில் ஓரத்தில் தனியாக நின்றேன், ஒரு கையில் வில்லை, ஒரு கையில் போன்.

"எடுத்தாச்சுங்கப்பா."

"பின்னாடி மூடியத் திருகு. பேட்டரியக் கழட்டிரு."

கழற்றினேன். "இப்பத் தெரியுதுங்களா?"

"தெரியுது. புள்ளி கோட்டைக்குள்ள அப்படியே நின்னுடுச்சு. கடைசியா இருந்த எடத்தையேதான் காட்டுது."

"வேணும்னா உங்க போன்ல அழிச்சிருங்கப்பா."

"எதுக்கு அழிக்கோணும்? அந்த மில்லுல நானும் கொஞ்ச நாள் வேல பாத்துட்டுப் போறேன். நீ கெளம்பு கண்ணு, பொழுதாகறதுக்குள்ள போயி நாலு எடம் பாரு."